கடற்பக்கத்து அறை

செட்டிபாளையம்
03.09.2025

விஜி,

'அன்புள்ள' என்று எழுதப் போனேன், கை வரவில்லை. அது இல்லாமலே வாசியுங்கள்.

மூன்று நாளாக என் போன் வேலை செய்யவில்லை என்று நினைத்திருப்பீர்கள். வேலை செய்கிறது. உங்கள் இலக்கத்தை நான்தான் ப்ளொக் பண்ணி வைத்திருக்கிறேன். போனில் கதைத்தால் நீங்கள் ஒரு பகிடி விடுவீர்கள், நான் சிரித்துவிடுவேன். வைத்த பிறகு யோசித்தால் கேட்ட ஒன்றுக்கும் பதில் வரவில்லை என்று விளங்கும். இரண்டரை வருடமாக இதே கூத்துதான். நான் தபால் கந்தோரில் வேலை செய்கிறவள். இனி எனக்கு எல்லாம் எழுத்தில் வேண்டும்.

ஆசிரியர் இடமாற்றப் பட்டியலில் உங்கள் பெயர் வரவில்லை என்றீர்கள். அதை நம்பிக் கண்ணகை அம்மனுக்கு நேர்த்தி வைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும். போன கிழமை மாமாவின் மகன் விசாரித்துவிட்டு வந்து வாசலில் நின்று சொல்கிறான்: "தனு அக்கா, அவருக்குப் போன வருசமே மட்டக்களப்புக்கு மாற்றம் கிடைச்சிட்டு. அவர்தான் வேணாமெண்டு எழுதிக் குடுத்திருக்காரு." அம்மாவுக்கும் அது கேட்டது.

பொங்கல் முடிந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? முதன்முதலாக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தீர்கள். அம்மா விடிய எழும்பி இறால் ஆணமும் கணவாயும் சமைத்து வைத்தா. நீங்கள் இரண்டு வாய் சாப்பிட்டீர்கள். பிறகு அவசர அழைப்பு என்று எழும்பி, கையைக்கூட ஒழுங்காகக் கழுவாமல் போய்விட்டீர்கள். நம்முடைய பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பது. இருக்க வருகிறவர் சாப்பாட்டுக் கோப்பையை விட்டு எழும்பிப் போனால் பெற்றவருக்கு என்ன தோன்றும்? "இந்தச் சின்ன வீடு அவருக்குக் காணாதாக்கும்" என்றார் அப்பா. அவ்வளவுதான். அடுத்த மாதமே மேசன் வந்துவிட்டார். மேலே உங்களுக்காக ஒரு அறை எழும்புகிறது. கடல்காற்று நன்றாக வரட்டும் என்று கடற்பக்கமாகப் பெரிய யன்னலும் வைக்கப் போகிறார். அறுபது வயதில் அந்த மனிதர் தன் கையால் சீமெந்து குழைக்கிறார், விஜி.

இன்னொன்று. போன மாதம் உங்கள் போனை ஒரு பெண் எடுத்தா. "விஜி சேர் வெளிய நிக்கிறார்" என்றா. சேர் எங்கே நின்றாலும் பரவாயில்லை. அவ யார்?

என்னைக் கட்டுவீர்களா, மாட்டீர்களா? எழுதி அனுப்புங்கள்.

தனுஷியா


தோட்டப் பாடசாலை விடுதி,
பண்டாரவளை
14.09.2025

தனு,

போனை ப்ளொக் பண்ணிவிட்டாய், சரி. தபால்காரரையும் ப்ளொக் பண்ணிப்போடாதே புள்ள, எனக்கு வேறு வழியில்லை.

போனை எடுத்தது சப்னா டீச்சர். பக்கத்து விடுதி. ஓட்டமாவடிக்காரி, கணவரும் இங்கேதான் கணக்குப் படிப்பிக்கிறார், எட்டு மாதத்தில் ஒரு குழந்தை இருக்கிறது. அன்று நான் அந்தக் குழந்தைக்கு மழையில் காய்ந்தும் காயாத துணியை எடுத்துக் கொடுக்க வெளியே நின்றேன். உன் கடிதத்தை அவவிடம் வாசித்துக் காட்டவில்லை. காட்டியிருந்தால் மூன்று நாளைக்குச் சிரித்திருப்பா.

இடமாற்றம். ஓம், கிடைத்தது. சாதாரணதரப் பரீட்சை எழுதுகிற பிள்ளைகள் பதினெட்டுப் பேருக்கு விஞ்ஞானத்துக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. அதுதான் ஒரு வருடம் தள்ளிப் போட்டேன். உன்னிடம் சொன்னால் கோபிப்பாய் என்று மாற்றிச் சொல்லிவிட்டேன். அது பிழை.

சாப்பாட்டில் குறையில்லை. வீட்டிலும் குறையில்லை. அம்மாவின் கணவாய் இன்னும் நாக்கில் நிற்கிறது. இங்கே பாண், பருப்பு, மறுகா பருப்பு, பாண்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அறையைக் கட்ட வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லு. கட்டத்தான் வேண்டும் என்றால் கடற்பக்கமாக வேண்டாம். ஏன் என்று கேட்காதே.

விஜி


செட்டிபாளையம்
23.09.2025

விஜி,

கேட்காதே என்றால் கேட்காமல் இருக்க நான் என்ன கல்லா?

உங்கள் கடிதத்தில் நாலு பகிடி இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன். கட்டுவீர்களா என்று கேட்டேனே, அதற்குப் பதில் மட்டும் இல்லை. அறை வேண்டாமாம். அறை வேண்டாம் என்றால் கலியாணம் வேண்டாம் என்றுதானே அர்த்தம்? அதை நேரே எழுதப் பயம், அதனால் யன்னலில் வைத்து எழுதுகிறீர்கள்.

நான் அப்பாவிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வேன்? நேற்றுப் பின்னேரம் கொங்கிறீட் போட்டு முடிந்ததும் என்னை மேலே கூப்பிட்டார். ஏணியில் ஏறிப் போனேன். "இஞ்ச வந்து நில்லு மனே" என்று யன்னல் வரப்போகும் இடத்தில் நிறுத்தினார். பனைகளுக்கு மேலால் கடல் முழுக்கத் தெரிகிறது. "படுத்துக்கிடந்துகொண்டே அலைச்சத்தம் கேக்கலாம். மாஸ்டர் மலையில குளிருக்குள்ள கிடந்து காய்ஞ்சு போய் வாறவரு, இந்தக் காத்துப் பட்டா அசந்து நித்திரை கொள்ளுவாரு" என்றார். அவர் சொன்னபோது எனக்கு உங்களில் வந்த ஆத்திரம் சொல்லி முடியாது.

தை மாதம் நாள் பார்த்தாயிற்று. தங்கச்சி விதுர்ஷா எனக்குப் பிறகு காத்திருக்கிறாள். எனக்கு இருபத்தெட்டு முடிகிறது. கந்தோருக்கு முத்திரை வாங்க வருகிறவர்கள்கூட மாப்பிள்ளை எப்போது வருகிறார் என்று கேட்கிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, விஜி. நீங்கள் வேறு யாரையாவது விரும்புகிறீர்கள் என்றால் அதைக்கூடத் தாங்குவேன் என்று நினைக்கிறேன். என்னவென்று தெரியாமல் இருக்கிறதுதான் தாங்க முடியவில்லை. விடிய நாலு மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது. பிறகு எழும்பிப் போய் இருட்டிலேயே முற்றத்தைக் கூட்டுகிறேன்.

தனு


பண்டாரவளை
05.10.2025

தனு,

இதில் பகிடி இல்லை. வாசித்து முடித்ததும் கிழித்துவிடு.

எனக்குக் கடல் என்றால் பயம்.

சின்ன வயதில் தேற்றாத்தீவில் அம்மாவைச் சுனாமியில் இழந்தேன் என்று உனக்குத் தெரியும். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

எனக்கு ஒன்பது வயது. முற்றத்தில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அம்மா குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தா. லொறியில் இருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நிமிர்ந்து பார்த்தேன். வேலிக்கு அங்கால் பனையின் அரைவாசி உயரத்துக்குக் கறுப்பாக ஏதோ வருகிறது. ஓடினேன். குசினிக் கதவு என்னில் இருந்து பத்தடிகூட இல்லை. "அம்மா" என்று ஒரு தரம் கத்தியிருக்கலாம். கத்தவில்லை, தனு. திரும்பியும் பார்க்கவில்லை. பெரிய ரோட்டில் யாரோ என்னைத் தூக்கிச் சைக்கிள் பாரில் போட்டுக்கொண்டு மிதித்தார்கள். அம்மாவை மூன்றாம் நாள் எடுத்தார்கள். கையில் துருவிய தேங்காய்ப் பூ ஒட்டியிருந்திருக்கும் என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன். மூன்று நாள் தண்ணீரில் கிடந்த கையில் எப்படி ஒட்டியிருக்கும்? ஆனாலும் அப்படித்தான் நினைப்பு வருகிறது.

பெடியன் தப்பிவிட்டான் என்று எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கூப்பிடாமல் ஓடினவன் என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது உனக்குத் தெரியும்.

அன்று உங்கள் வீட்டில் எனக்கு ஒரு அழைப்பும் வரவில்லை. போன் சார்ஜ் இல்லாமல் செத்துக் கிடந்தது. பின்கதவு திறந்திருந்தது, காற்று கடலில் இருந்து அடித்தது. இரண்டாவது வாய் வைக்கும்போது அந்தச் சத்தம் வந்தது. சாதாரண அலைதான் என்று எனக்குத் தெரியும். என் காலுக்குத் தெரியவில்லை. மேசைக்குக் கீழே கால் நடுங்கி உன் தங்கச்சியின் கதிரையில் தட்டியது. அவள் பார்ப்பதற்கு முதல் எழும்பிவிட்டேன்.

இந்தப் பயத்தால்தான் முதலில் மலைக்கு மாற்றம் கேட்டு வந்தேன். அதனால்தான் திரும்பி வராமல் இருக்கிறேன். கடலுக்குப் பயம் என்பது பாதிதான். மற்றப் பாதி இது: நீ அந்த அறையில் படுத்திருப்பாய். பிள்ளை ஒன்றும் இருக்கும். அந்தச் சத்தம் திரும்ப வரும். என் கால் என்னைக் கேட்காமல் ஓடும். உன்னைக் கூப்பிடாமல் ஓடுவேன்.

நீ இங்கே வர மாட்டாயா? இங்கேயும் தபால் கந்தோர் இருக்கிறது.

விஜி


செட்டிபாளையம்
18.10.2025

என் விஜி,

உங்கள் கடிதத்தைப் பார்சல் வைக்கிற அறைக்குள் போய் நின்று வாசித்தேன். வெளியே வந்தபோது எங்கள் தபாலதிபர் ஹஸீனா ராத்தா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆருக்குகா என்ன நடந்தது?" என்று கேட்டா. ஒருவருக்கும் ஒன்றுமில்லை என்றேன். அன்று கவுண்டரை அவவே பார்த்துக்கொண்டா.

கிழிக்கச் சொன்னீர்கள். கிழிக்கவில்லை. என் கைப்பையில்தான் இருக்கிறது.

முதலில் உங்களில் கோபம் வந்தது. இரண்டரை வருடம் சிரித்துச் சிரித்து இதை மறைத்தீர்களே என்று. பிறகு அந்த ஒன்பது வயதுப் பெடியனை நினைத்தேன். கோபம் நிற்கவில்லை. அவன் கூப்பிட்டிருந்தால் அம்மா வெளியே வந்திருப்பாவா, அவனையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போயிருக்குமா, ஆருக்குத் தெரியும்? நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனாலும் எழுதுகிறேன்.

சுனாமி அன்று எனக்கு ஏழு வயது. நாங்கள் வீட்டில் இருக்கவில்லை. முதல் நாளே குருக்கள்மடத்தில் பாதை என்கிற மிதவையில் ஏறி, வாவியைக் கடந்து அம்பிளாந்துறையில் ஒரு கலியாண வீட்டுக்குப் போயிருந்தோம். அதனால் எனக்குக் கடல் என்றால் முற்றத்து மரம் மாதிரி, அது பாட்டில் இருக்கும். இப்போது அப்படி இல்லை. உங்கள் கடிதம் வந்த நாளில் இருந்து நானும் காது கொடுத்துக் கேட்கிறேன். சட்டி கழுவும்போது கேட்கிறேன். கொஞ்சம் பெரிய அலை அடித்தால் கை நின்றுவிடுகிறது. உங்கள் பயத்தை எனக்கும் தந்துவிட்டீர்கள்.

மலைக்கு வரட்டுமா என்று என்னை நானே கேட்டுப் பார்த்தேன். இந்த வளவு அம்மாவின் அம்மாவுடையது. அம்மாவுக்கு வந்தது, எனக்கு வருகிறது. நான் விட்டுவிட்டுப் புருசன் பின்னால் போனால் ஊர் என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். "பொண்ணுக்கு இருக்க வீடு குடுக்க வக்கில்லாத ஆக்கள்" என்று அப்பாவின் முகத்துக்கு நேரே சொல்வார்கள். அவர் கொங்கிறீட் போட்ட கையோடு அதைக் கேட்க வேண்டுமா? அதன் பிறகு விதுர்ஷாவை ஆர் கேட்டு வருவார்கள்? எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. நீங்கள் மட்டும்தான் பயந்தவர் என்று நினைக்க வேண்டாம்.

இரக்கத்தில் வந்து அந்த அறையில் நித்திரை இல்லாமல் கிடக்கிற புருசன் எனக்கு வேண்டாம். உங்களால் முடியும் என்றால் தைக்கு முதல் வாருங்கள். முடியாது என்றால் 'ஏலாது' என்று ஒரு சொல் எழுதிப் போடுங்கள். விளக்கம் வேண்டாம். அப்பாவுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன்.

யோசித்து எழுதுங்கள். தபாலில் போட்டதைத் திருப்பி எடுக்க ஏலாது.

தனு


பண்டாரவளை
12.11.2025

தனு,

ஏலாது.

அப்பாவிடம் நான் கூடாதவன் என்றே சொல்லு. கடலைப் பற்றிச் சொல்லாதே.

விஜி


செட்டிபாளையம்
03.12.2025
(முனாஸ் நானா கையில்)

விஜி,

உயிரோடு இருக்கிறீர்களா?

புயல் போய் ஆறு நாள். உங்கள் போன் அடிக்கவே இல்லை. ஓம், ப்ளொக்கை எடுத்துவிட்டேன். எடுத்து என்ன, உங்கள் பக்கம் ஒரு போன் கோபுரமும் வேலை செய்யவில்லையாம். பாடசாலை இலக்கமும் அடிக்கவில்லை. தேற்றாத்தீவில் உங்கள் பெரியம்மாவிடம் போனேன், அவவுக்கும் ஒன்றும் தெரியாது. பரீட்சைக் கடமை என்று விடுமுறைக்கும் வராமல் மலையிலேயே நின்றுவிட்டானே என்று தலையில் அடித்து அழுகிறா. செய்தியில் பதுளைப் பக்கம் மலை சரிந்தது, தோட்டத்து லய வீடுகள் புதைந்தன என்று காட்டுகிறார்கள். பெயர் வாசிக்கும்போது நான் எழும்பி வெளியே போய்விடுகிறேன். பிறகு தங்கச்சியிடம், "சொன்னவங்களா?" என்று கேட்கிறேன். அவள் இல்லை என்று தலையாட்டுகிறாள்.

எங்களுக்கு ஒன்றுமில்லை. இரண்டு நாள் காற்று. கடல் பனைகள் வரைக்கும் வந்தது, பிறகு போய்விட்டது. கூரையில் ஒன்பது ஓடு போனது, அவ்வளவுதான். கடலுக்குப் பயந்து நீங்கள் மலைக்குப் போனீர்கள். கடற்கரையில் இருக்கிற நான் சோறு சமைத்துக்கொண்டு இருக்கிறேன். உங்களுக்கு என்ன ஆயிற்று என்றுதான் தெரியவில்லை.

ஹஸீனா ராத்தாவின் கணவர் முனாஸ் நானா, காத்தான்குடியில் இருந்து நிவாரணச் சாமான் ஏற்றிய லொறியில் நாளைக்கு உங்கள் பக்கம் வருகிறார். ரோட்டு உடைந்த இடம் வரைக்கும் லொறி, அங்காலே நடையாம். பாடசாலைப் பெயரை அவர் உள்ளங்கையிலேயே எழுதிவிட்டேன். "தங்கச்சி, ஆள் இருந்தா கையெழுத்து வாங்காம நான் திரும்ப மாட்டன்" என்றார்.

உங்கள் 'ஏலாது' வந்து சேர்ந்தது. நான் இன்னும் அதை அப்பாவிடம் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். இப்போது எனக்கு அது ஒன்றும் வேண்டாம். நீங்கள் என்னைக் கட்டவும் வேண்டாம், வரவும் வேண்டாம். இருக்கிறேன் என்று மட்டும் எழுதுங்கள். பேனை இல்லாவிட்டால் கரியால் எழுதுங்கள்.

அம்மாளே, இந்தக் கடிதத்தை வாசிக்க அவர் இருக்க வேண்டும்.

தனு


தோட்டத் தொழிற்சாலை முகாம்
05.12.2025
(முனாஸ் நானா கையில்)

தனு,

இருக்கிறேன்.

முனாஸ் நானா முழங்கால் வரைக்கும் சேற்றோடு வந்து, முகாம் வாசலில் நின்று என் பெயரைச் சொல்லிக் கத்தினார். எழும்பிப் போனேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இவருக்காகத்தானா அந்தப் புள்ள அவ்வளவு அழுதது!" என்றார். மறுகா அவரே என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். நிவாரணப் பெட்டியின் மூடியில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். அவர் ஒரு மணித்தியாலத்தில் இறங்க வேண்டும்.

வியாழக்கிழமை பகல் பதினொரு மணி இருக்கும். மூன்று நாள் விடாத மழை. விடுதிக் கதவில் நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் மலையில் இருந்து சத்தம் வந்தது. லொறியில் இருந்து கல் கொட்டுகிற சத்தம். அதே சத்தம், தனு. இருபத்தொரு வருடம் அது கடலில் இருந்துதான் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடினேன். உனக்குப் பொய் எழுதமாட்டேன். கோப்பையைப் போட்டுவிட்டு ஒருவரையும் கூப்பிடாமல் ஓடினேன். விளையாட்டு மைதானம் வரைக்கும் போய்விட்டேன். அங்கே நின்றேன். எது நிற்பாட்டியது என்று எனக்கு இன்னும் தெரியாது. திரும்பி ஓடி வந்து சப்னா டீச்சர் வீட்டுக் கதவை உதைத்தேன். "வெளிய வாங்கோ, வெளிய வாங்கோ!" என்று கத்தினேன். என் தொண்டையில் இருந்து அப்படி ஒரு சத்தம் வந்ததே இல்லை. கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டார், நான் டீச்சரின் கையைப் பிடித்து இழுத்தேன். நாங்கள் மைதானத்தைத் தொட்டபோது விடுதி ஆறு அறையில் நாலு இல்லை. என் அறையும் இல்லை. உன் கடிதங்களும் போய்விட்டன. கடைசி அறையில் இருந்த காவல்காரரை நான் கூப்பிடவில்லை. அந்தப் பக்கம் போக நேரம் இருக்கவில்லை என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவரை நேற்றுத்தான் எடுத்தார்கள்.

நான் திருந்திவிட்டேன், பயம் போய்விட்டது என்று நினைக்காதே. கூடித்தான் இருக்கிறது. முன்பு கடலுக்கு மட்டும்தான் பயம். இப்போது மண்ணுக்கும் பயம். இங்கே மழை தூறினால் முகாமில் இருக்கிற இருநூறு பேரும் எழும்பி உட்கார்ந்துவிடுகிறோம். ஓடி ஒளிக்க எனக்கு இனி இடம் இல்லை. ஆனால் ஒன்று. திரும்பி வர என் காலுக்குத் தெரியும் என்று அன்று கண்டேன். ஒரு தரம்தான். அடுத்த தரம் என்ன செய்யுமோ, எனக்குத் தெரியாது. அதை உனக்கு உறுதியாக எழுதித் தர என்னால் முடியாது.

தபாலில் போட்டதைத் திருப்பி எடுக்க ஏலாது என்று எழுதினாய். நான் போட்ட அந்த ஒரு சொல்லைத் திருப்பித் தருவாயா?

முனாஸ் நானா கூப்பிடுகிறார்.

விஜி


செட்டிபாளையம்
17.12.2025

விஜி,

உங்கள் கையெழுத்தைக் கண்டதும் கவுண்டரில் வைத்தே அழுதுவிட்டேன். ஓய்வூதியம் எடுக்க வந்த ஆக்கள் வரிசையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மாப்பிள்ளை இருக்கிறாராம், எல்லாரும் கொஞ்சம் பொறுங்க" என்று ஹஸீனா ராத்தா அறிவித்தல் கொடுத்தா. இனி இந்த ஊரில் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை.

அப்பாவிடம் சொன்னேன். கடலைப் பற்றிச் சொல்லாதே என்றீர்கள், அதையும் சொல்லிவிட்டேன். கோபிக்க வேண்டாம். மேல் அறைக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். தூரிகையைக் கீழே வைத்தார். "நான் என்னெண்டா, அவருக்கு வீடு காணாதாக்கும் எண்டு கடலைக் கொண்டுவந்து படுக்கையில விட்டிருக்கன்" என்றார். பிறகு என்ன செய்தார் தெரியுமா? அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பின்வளவுக்குப் போனார். கடலுக்கு மற்றப் பக்கம், வாவியைப் பார்த்தபடி கீழே ஒரு அறை அடிக்கலாமாம். நான் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. இந்த மனிதருக்கு எந்த வருத்தத்துக்கும் மருந்து சீமெந்துதான்.

நானும் பொய் எழுதமாட்டேன். அந்த அறையிலும் கடல் கேட்கும். இந்த ஊரில் எந்த மூலையில் படுத்தாலும் கேட்கும்.

உங்கள் கடிதத்தை வாசித்து எனக்கு நிம்மதி வந்தது என்று நினைக்கிறீர்களா? வரவில்லை. நீங்கள் ஓடினதையும் வாசித்தேன், திரும்பினதையும் வாசித்தேன். எந்த விஜி எனக்கு வரப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாதாம். உயிர் தப்பின சந்தோசத்தில் ஒரு மனம் வரும், இரண்டு மாதத்தில் அது போய்விடும். அப்போது நான் தாலியோடு வாசலில் நிற்பேன்.

ஆனாலும் அந்தச் சொல்லைத் திருப்பித் தருகிறேன். இதோடு வைத்திருக்கிறேன், போன மாதம் 12ஆம் திகதிக் கடிதம். நீங்களே கிழியுங்கள்.

கலியாணப் பேச்சை விடுங்கள். ஒரு தரம் வாருங்கள். வந்து இருந்து பாருங்கள். ஏலாவிட்டால் எழும்பிப் போகலாம், இந்த முறை ஒரு அழைப்பும் வர வேண்டியதில்லை. ஏலாமல் இருக்கிறது என்று வாயால் சொல்லிவிட்டுப் போங்கள், எனக்கு அது போதும்.

தனு


செட்டிபாளையம்
29.12.2025
(கவுண்டரில் கொடுக்க)

தனு,

முத்திரை இல்லை. மன்னித்துக்கொள். ஹஸீனா ராத்தாவின் கையில் கொடுக்கிறேன். என்னைக் கண்டதும் அவ உன்னைக் கூப்பிடப் போனா, வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வாயால் சொல்லச் சொல்லியிருந்தாய். எனக்கு வாயால் வராது போல இருக்கிறது, அதுதான் எழுதுகிறேன்.

காலையில் பதுளையில் பஸ் ஏறினேன். செங்கலடியில் இறங்கி வேறு பஸ் மாறினேன். உங்கள் சந்தியில் இறங்கி, கடற்கரை வீதியில் நடக்கத் தொடங்கினேன். வாசிகசாலை வரைக்கும் போனேன். அங்கே அலை கேட்டது. கால் நின்றுவிட்டது. ஒரு நாய் குரைத்தது, ஒரு மனுசி வேலிக்கு மேலால் "ஆர் நீங்க?" என்று கேட்டா. திரும்பிவிட்டேன். பெரிய ரோட்டுக்கு வந்தபோது மட்டக்களப்புக்குப் போகிற பஸ் ஒன்று நின்றது. படியில் ஒரு கால் வைத்தேன், தனு. இறங்கினேன். கண்டக்டர் என்னை ஏசிவிட்டுப் போனார்.

இப்போது உன் கந்தோருக்கு வெளியே, வேம்புக்குக் கீழே உள்ள மர வாங்கில் உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் வீடு இங்கே இருந்து அரை மைல்கூட இல்லை. ஒற்றையில் என்னால் ஏலாது. நீ வேலை முடித்து வெளியே வா. என் கையைப் பிடித்துக்கொள். வாசிகசாலைக்கு அங்கால் நான் கையை உதறினால் விடாதே. ஊர் பார்த்தால் பார்க்கட்டும். எனக்கு வெட்கம் போய்விட்டது, பயம் மட்டும்தான் மிச்சம்.

விஜி


(அதே தாளின் பின்பக்கம்)

விஜி,

கவுண்டரில் இன்னும் ஆறு பேர். நாலு மணிக்குத்தான் பூட்டலாம். ராத்தா போ என்கிறா. ஊருக்குக் காசு அனுப்புகிறவரின் காசுக்கட்டளையை நடுவில் விட்டுவிட்டு வர ஏலாது, கணக்குப் பிழைக்கும். ஏற்கனவே ஒரு திகதிச் சீலைத் தலைகீழாகக் குத்திவிட்டேன்.

எனக்கு இப்போது கடல் பயமில்லை. கவுண்டரில் இருந்து தெரிகிற அந்த வாங்குதான் பயம். இதை மடித்து ராத்தாவிடம் கொடுத்துவிட்டுக் குனிந்து ஒரு காசுக்கட்டளை எழுதி முடிக்கப் பத்து நிமிடம் வேண்டும். நிமிரும்போது அங்கே நீங்கள் இருக்க வேண்டும்.

எழும்பாதீங்க. வாறன்.

தனு